துணைக்கு ஆள் தேடாமல் வந்துபோக ஓர் ஆதரவு மையம்: தொடங்குவது முதல் நடத்துவது வரை

காது கேளாதோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான ஆதரவு மையம் என்றதும் பலருக்கு நினைவில் வருவது ஒரு கட்டடம், ஒரு பெயர்ப்பலகை, வரிசையாக நிறுத்திய சக்கர நாற்காலிகள், கொடுக்கும்போது எடுத்த படம். அந்த நாற்காலியின் டயரில் காற்று இறங்கிவிட்டால் யாரிடம் போவது என்று கேட்டால் பதில் இருக்காது.

இந்த வழிகாட்டி, தங்கள் பகுதியில் சிறிய அளவில் ஒரு சேவையைத் தொடங்க நினைக்கும் நாலைந்து பேருக்கானது. அவர்கள் மாற்றுத்திறனாளிகளாக இருக்கலாம், பெற்றோராக இருக்கலாம், தன்னார்வலர்களாகவும் இருக்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: ஒருவர் அக்காவையோ மகனையோ துணைக்குக் கூட்டி வராமல், தானே வந்து, தன் வேலையை முடித்துக்கொண்டு போக முடிகிறதா? துணை வேண்டும் என்று அவரே விரும்பினால் அது வேறு விஷயம். துணை இல்லாமல் முடியாது என்ற நிலை இருந்தால், எங்கே தட்டுகிறது என்று பார்த்து அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

படி 1: யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் உலகில் சுமார் 130 கோடிப் பேர் குறிப்பிடத்தக்க இயலாமையுடன் வாழ்கிறார்கள். ஆறில் ஒருவர். சிகிச்சையோ கருவியோ தேவைப்படும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்தவர்கள் 43 கோடிக்கும் மேல். உங்கள் பகுதிக் கணக்கெடுப்பில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் கிடைத்தார்கள் என்றால், பெரும்பாலும் கேள்வி சரியில்லை என்றுதான் அர்த்தம்.

"வீட்டில் ஊனமுற்றவர் யாராவது உண்டா?" என்று கேட்டால் பாதி வீடுகளில் "இல்லை" என்றுதான் வரும். வெட்கம் ஒரு காரணம். பாட்டிக்குக் காது கேட்காததை யாரும் ஊனம் என்று நினைப்பதில்லை என்பது இன்னொரு காரணம். ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001-இல் அமைந்த வாஷிங்டன் குழு இதற்கு நல்ல வழி சொல்லியிருக்கிறது. பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைத்துக்கொள்வது, குளிப்பது உடுத்துவது போன்ற சொந்த வேலைகளைச் செய்துகொள்வது, பிறரோடு பேசிப் புரியவைப்பது என ஆறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள்: சிரமமே இல்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது. ஏதாவது ஒரு கேள்விக்கு மூன்றாவது அல்லது நான்காவது பதில் வந்தால் அவரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆறு கேள்விகளில் ஒன்றில்கூட ஊனம் என்ற சொல் வராது.

இதோடு நான் சேர்க்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: "போன வாரம் வீட்டைவிட்டு எங்கெல்லாம் போனீர்கள்?" யாருக்கு முதலில் சேவை தேவை என்று இந்தப் பதில் சொல்லிவிடும். கேள்வியைக் குடும்பத் தலைவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்த நபரையே பார்த்துக் கேளுங்கள். அதற்காகவே கணக்கெடுக்கும் குழுவில் சைகை மொழி தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

படி 2: முடிவெடுக்கும் நாற்காலியில் யார்?

எட் ராபர்ட்ஸ் பதினான்கு வயதில் போலியோ தாக்கி, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இரவில், மூச்சுவிட உதவும் இரும்பு நுரையீரல் எனப்படும் இயந்திரத்துக்குள்தான் தூங்குவார். அவரும் நண்பர்களும் சேர்ந்து 1972-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் சுயசார்பு வாழ்க்கை மையத்தைத் தொடங்கினார்கள். உதவியாளர் பிடித்துக் கொடுப்பது, சக்கர நாற்காலி பழுதுபார்ப்பது, வாடகை வீடு தேட உதவுவது, அரசுச் சலுகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லித்தருவது போன்றவை அங்கே கிடைத்தன. எல்லாமே அன்றாடத் தேவைகள். நடத்தியவர்களுக்கே அவை தேவைப்பட்டதால் எதை முதலில் வைப்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதனால் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் மாற்றுத்திறனாளிகளாக இருக்கட்டும். அதில் காது கேளாதவர் ஒருவர் மட்டும் இருந்தால் போதாது, இரண்டு பேராவது வேண்டும். பத்துப் பேர் பேசும் அறையில் தனியாக உட்காரும் காது கேளாதவர், மொழிபெயர்ப்பு ஒரு நொடி பிந்தி வருவதால், தான் கை தூக்குவதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குத் தாவிவிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர், பேசுபவர் கை தூக்கித் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற இரண்டு விதிகள் இருந்தாலே கூட்டம் மாறிவிடும். பார்வையற்ற உறுப்பினருக்காகப் பேசுபவர் பெயரையும் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர் குழுவில் இருந்தால், கூட்டத்தில் பேசப்போவதை எளிய வாக்கியங்களில் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

படி 3: தொடர்பு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்

மையத்துக்கு ஒருவர் வருகிறார். "டோக்கன் போட்டிருக்கிறோம், கூப்பிடுவோம், உட்காருங்கள்" என்கிறார்கள். பெயரைக் கூப்பிடுகிறார்கள். வந்தவருக்குக் கேட்காது. வரிசை நகர்ந்துவிடுகிறது. அவர் மதியம் வரை உட்கார்ந்திருக்கிறார், அல்லது எழுந்து போய்விடுகிறார். காது கேளாதோருக்கென்றே நடக்கும் சேவைகளிலும் இது நடக்கும். எண்ணைக் காட்டும் ஒரு திரை வையுங்கள். அதற்கு வசதியில்லையா, எண் எழுதிய அட்டையை உயர்த்திக் காட்டினால் போதும். அல்லது ஊழியர் எழுந்து போய்த் தோளில் மெதுவாகத் தொட்டு அழைக்கலாம். அறையின் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டாலும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். காது கேளாதோர் மத்தியில் இது சாதாரணமாக நடக்கும் ஒன்று.

பலருக்கும் இருக்கும் ஒரு நம்பிக்கை: மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் "பாடு" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் "மாடு". உதடு ஒரே மாதிரிதான் அசையும். பந்து, பத்து என்று தொண்டையிலும் மூக்கிலும் பிரியும் ஒலிகளை உதட்டில் தேடிப் பயனில்லை. உதட்டசைவு சூழலை ஊகிக்க உதவும், அவ்வளவுதான். மருந்தின் அளவையோ கையெழுத்துப் போடும் பத்திரத்தின் நிபந்தனையையோ அதை நம்பிச் சொல்லக் கூடாது.

"சரி, எழுதிக் காட்டிவிடலாமே" என்பது அடுத்த யோசனை. பள்ளிப் படிப்பு முடித்து, பிறகு காது கேளாமல் போனவருக்கு அது நன்றாகவே உதவும். பிறவியிலேயே கேட்காதவர் பலருக்கு எழுத்து மொழி இரண்டாவது மொழி. சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. அது பேச்சு மொழியைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டுவது இல்லை. 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற மொழியியல் ஆய்வாளர் அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்து, அது முழுமையான மொழி என்று எழுதினார். அதற்கு முன், 1880-இல் இத்தாலியின் மிலானில் கூடிய, காது கேளாதோர் கல்வி பற்றிய மாநாடு வாய்ப்பேச்சு முறையே சிறந்தது என்று தீர்மானம் போட்டதால், பல நாட்டுப் பள்ளிகளில் கை அசைப்பதே தடை செய்யப்பட்டிருந்தது. இன்று வயதில் மூத்த காது கேளாதவர் சிலர் பொது இடத்தில் சைகை செய்யத் தயங்கினால், பள்ளியில் வாங்கிய அடி ஒரு காரணமாக இருக்கலாம்.

உலகில் 300-க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் உள்ளன. அமெரிக்காவும் பிரிட்டனும் பேசுவது ஒரே ஆங்கிலம், ஆனால் அவற்றின் சைகை மொழிகள் வெவ்வேறு. எனவே இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு காணொளியைப் பார்த்து ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்காமல், உங்கள் பகுதியில் பயன்படும் சைகை மொழியை, அதைத் தாய்மொழியாகப் பேசும் காது கேளாதவரையே ஆசிரியராக வைத்துக் கற்பியுங்கள். அதற்குச் சம்பளமும் கொடுங்கள். ஊழியர்கள் மூன்று மாதத்தில் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். வரவேற்று, எதற்காக வந்தார் என்று கேட்டு, காத்திருக்கச் சொல்லும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும்போது சில விஷயங்கள் பேரம் பேசக் கூடாதவை. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடரும் கூட்டத்துக்கு இருவர் வேண்டும். சுமார் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள், இல்லையென்றால் களைப்பில் பிழைகள் கூடும். வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கவே கூடாது. அம்மாவின் புற்றுநோய்ப் பரிசோதனை முடிவைப் பத்து வயது மகள் கையால் சொல்ல வேண்டிய நிலையை நினைத்துப் பாருங்கள்.

மருத்துவர் அறையில் எப்படி உட்கார்வது என்பதையும் மையமே சொல்லிக்கொடுக்கலாம். மொழிபெயர்ப்பாளர் மருத்துவருக்குப் பக்கத்தில், சற்றுப் பின்தள்ளி இருக்க வேண்டும். நோயாளி எதிரே. அப்போதுதான் இருவர் முகமும் ஒரே பார்வையில் விழும். மொழிபெயர்ப்பாளருக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம், வெளிச்சத்தில் கையும் முகமும் நிழலாகிவிடும். "இவருக்கு எத்தனை நாளாக வலி என்று கேளுங்கள்" என்று மருத்துவர் சொல்லக் கூடாது. நோயாளியைப் பார்த்து "உங்களுக்கு எத்தனை நாளாக வலி?" என்று கேட்க வேண்டும். ஸ்கேன் படத்தைக் காட்டிக்கொண்டே விளக்குவதும் வேண்டாம். படத்தைப் பார்க்கும் கண் கையைப் பார்க்க முடியாது. முதலில் விளக்கம், பிறகு படம், நடுவே ஒரு சின்ன இடைவெளி.

நேரில் மொழிபெயர்ப்பாளர் கிடைக்காதபோது வீடியோ கால் வழியாகச் செய்யலாம். அதற்கு நல்ல இணைய வேகமும், மடியிலோ கையிலோ வைத்துக்கொள்ளாமல், ஆடாமல் நிற்கும் திரையும் தேவை. படம் விட்டுவிட்டு வந்தால் பாதி வாக்கியம் போய்விடும்.

சைகை மொழி தெரியாத, வயதான பிறகு கேட்கும் திறன் குறைந்தவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம் இருப்பார்கள். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரால் பயனில்லை. இரைச்சல் இல்லாத அறை, முகத்தில் வெளிச்சம், கூட்டங்களில் திரையில் ஓடும் எழுத்து ஆகியவைதான் உதவும். ஒலியைக் கருவிக்கு நேராக அனுப்பும் ஹியரிங் லூப் பொருத்தினால், டெலிகாயில் (லூப் அனுப்புவதைப் பிடிக்கும் சிறு கம்பிச்சுருள்) வசதியுள்ள காது மெஷின் அணிந்தவர்களுக்குப் பெரிய ஆறுதல். பார்வையும் கேட்கும் திறனும் சேர்ந்து குறைந்தவர்கள், பேசுபவரின் கைமேல் தங்கள் கையை வைத்துத் தொட்டறியும் சைகையில் பேசுவார்கள். சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் கோல் வைத்திருப்பவரைப் பார்த்தால், அவருக்குப் பார்வையோடு கேட்கும் திறனும் குறைவு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

படி 4: இடம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அளவுகள் தெரிந்தவை. சாய்தளம் 1-க்கு 12 என்ற விகிதத்துக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது: 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம். கதவு திறந்தபின் 80 முதல் 90 செ.மீ. இடைவெளி வேண்டும். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள இடம் தேவை. இது கழிப்பறைக்குள்ளும் வேண்டும். வாசலில் அழகான சாய்தளம் கட்டி, கழிப்பறைக் கதவை 60 செ.மீ. அகலத்தில் வைக்கும் கட்டடங்கள் ஏராளம். தரைத்தளத்தில் வாடகைக்கு ஒரே ஓர் அறை எடுப்பது, லிஃப்ட்டை நம்பி மூன்றாவது மாடியில் பெரிய கூடம் எடுப்பதைவிட எப்போதும் நல்லது. பஸ் நிறுத்தத்திலிருந்து வாசல் வரை உள்ள வழியையும் ஒரு சக்கர நாற்காலிக்காரரோடும் வெண்கோல் வைத்திருப்பவரோடும் சேர்ந்து நடந்து பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

படி 5: இரண்டு மூன்று சேவைகளோடு தொடங்குங்கள்

சமூகம் சார்ந்த மறுவாழ்வுக்காக உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் உடல்நலம், கல்வி, வாழ்வாதாரம், சமூக வாழ்வு, அதிகாரம் பெறுதல் என்று ஐந்து பகுதிகளைச் சொல்கின்றன. எல்லாவற்றையும் முதல் ஆண்டிலேயே தொட நினைத்தால் ஒன்றும் உருப்படாது. என் தேர்வு மூன்று: பழுதுபார்ப்பு, உடன்செல்லல், பெற்றோருக்கான ஆதரவு.

பழுதுபார்ப்பிலிருந்து தொடங்குங்கள். செலவு குறைவு, பலன் உடனே தெரியும், மக்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். கையால் தள்ளும் சக்கர நாற்காலிகள் பலவற்றில் பிரேக் நேராக டயரைத்தான் அழுத்தும். காற்று குறைந்தால் பிரேக் பிடிக்காது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது அது நழுவி ஓடும், ஆள் கீழே விழுவார். ஒரு காற்றடிக்கும் பம்பும், ஸ்பானர் செட்டும், டியூப் ஒட்டும் பசையும், சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் இருந்தால் இதைத் தடுத்துவிடலாம். முன்சக்கரத்தில் சுற்றிய முடியையும் நூலையும் எடுப்பது, கால்தாங்கியின் உயரத்தை மாற்றுவது எல்லாம் அரைமணி நேர வேலை. அதே நேரத்தில், உட்காரும் மெத்தை அழுந்திப் போயிருக்கிறதா என்று பாருங்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்கள் பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை உடலைத் தூக்கியோ முன்னால் சாய்ந்தோ அழுத்தத்தை மாற்ற வேண்டும். தோலில் தோன்றும் சிவப்பு அழுத்தம் எடுத்த பிறகும் மறையவில்லை என்றால் அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம். அங்கே பசையும் ஸ்பானரும் போதாது, உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

காது மெஷினுக்கும் இதே கதைதான். "வேலை செய்யவில்லை" என்று டிராயரில் போட்டுவிட்ட மெஷின்களில் பலவற்றுக்கு அடைப்பை எடுத்து, குழாயை மாற்றினாலே போதும். மெஷினில் போடும் துத்தநாக-காற்று பேட்டரிகளுக்கு அளவுக்கேற்ற நிற ஒட்டி இருக்கும்: 10-க்கு மஞ்சள், 312-க்குப் பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீலம். ஒட்டியைப் பிரித்தவுடன் பேட்டரி காற்றை இழுத்து வேலை செய்யத் தொடங்கிவிடும். திரும்ப ஒட்டினாலும் அது நிற்காது. பிரித்தபின் ஒரு நிமிடம் காற்றில் விட்டுப் பிறகு மெஷினில் போடச் சொல்லுங்கள், கூடுதல் நாள் வரும். இரவில் ஈரம் உறிஞ்சும் குப்பியில் வைத்தால் வியர்வையால் வரும் கோளாறு குறையும். குழந்தைகள் இந்தப் பேட்டரியை விழுங்கிவிட்டால் அவசர சிகிச்சை தேவை என்பதையும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி அனுப்புங்கள்.

புதிதாக நாற்காலி கொடுக்கத் தொடங்கும்போது, உலக சுகாதார நிறுவனம் 2008-இல் சொன்ன எட்டுப் படிகளைப் பின்பற்றலாம். பரிந்துரை, மதிப்பீடு, தேர்வு, நிதியும் கொள்முதலும், தயார்செய்தல், பொருத்துதல், பயிற்சி, அப்புறம் பராமரிப்பும் தொடர் கவனிப்பும். விழாவில் நாற்காலி கொடுத்து அனுப்புவதில் இந்த எட்டில் பெரும்பாலானவை விடுபட்டுப்போகின்றன.

உடன்செல்லல் என்றால் வங்கி, மருத்துவமனை, காவல் நிலையம், பள்ளி போன்ற இடங்களுக்கு ஓர் ஊழியர் கூடப் போவது. கூடப் போகிறவர் பேசுவதைவிட, அங்குள்ளவரைப் பேச வைப்பதுதான் வேலை. பார்வையற்றவரோடு போகும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்ள விடுங்கள். அவர் அரை அடி பின்னால் வருவார், உங்கள் உடலசைவிலேயே படியும் திருப்பமும் தெரிந்துவிடும்.

அடுத்து, பெற்றோர். காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கின்றன. காது கேளாத இன்னொருவரை அதுவரை அவர்கள் சந்தித்தே இருக்க மாட்டார்கள். பலரும் ஏற்றுக்கொண்ட இலக்கு 1-3-6: பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்குதல். "குழந்தை தாமதமாகப் பேசும், அப்பாவும் அப்படித்தான்" என்று காத்திருக்கும் வீட்டில், போவது மொழி வளரும் காலம். காது மெஷின் வைத்தாலும், அறுவை சிகிச்சையில் உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் செய்தாலும், அது பலன் தரும்வரை குழந்தைக்கு ஒரு மொழி கைவசம் இருக்க வேண்டும். சைகை கற்றால் பேச்சு வராது என்று சொல்லிப் பெற்றோரைப் பயமுறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த இடத்தில் பிரசுரத்தைவிட, வளர்ந்து வேலைக்குப் போகும் ஒரு காது கேளாதவரோடு அரைமணி நேரம் உட்கார வைப்பது அதிகம் பேசும்.

படி 6: மற்ற அலுவலகங்களோடு கோத்துக்கொள்ளுங்கள்

மையத்தால் எல்லாவற்றையும் செய்ய முடியாது. ஆனால் "அங்கே போய்க் கேளுங்கள்" என்று ஒரு முகவரியை எழுதிக் கொடுப்பது உதவி ஆகாது. அங்கே யாரைப் பார்க்க வேண்டும், எந்த ஆவணம் தேவை, எந்த நாளில் அந்த அதிகாரி இருப்பார் என்பதை மையம் முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும். அனுப்பியவர் போனாரா, வேலை முடிந்ததா என்று இரண்டு வாரத்தில் விசாரிக்கும் பழக்கமும் வேண்டும். 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு அணுகல்தன்மையையும், 19-ஆம் பிரிவு சமூகத்தோடு சேர்ந்து சுயசார்பாக வாழ்வதையும், 21-ஆம் பிரிவு சைகை மொழியில் தொடர்புகொள்வதையும் உரிமையாகச் சொல்கின்றன. உங்கள் நாடு அதில் இணைந்திருந்தால் கடிதங்களில் இந்தப் பிரிவு எண்களை எழுதுங்கள். கருணை மனுவுக்கும் உரிமைக் கடிதத்துக்கும் கிடைக்கும் பதில் வேறுவேறாக இருக்கும்.

படி 7: ரகசியமும் பாதுகாப்பும்

காது கேளாதோர் வட்டம் சின்னது. ஒருவர் மொழிபெயர்ப்பாளர் முன் சொன்னது அடுத்த வாரம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அதன்பின் யாரும் வர மாட்டார்கள். எல்லா ஊழியரிடமும் எழுத்துபூர்வமாக உறுதி வாங்குங்கள். மொழிபெயர்ப்பாளரை மாற்றிக் கேட்கும் உரிமையும் வந்தவருக்கு இருக்கட்டும். தனி அறை என்றால் கதவு மட்டும் போதாது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிற்பவருக்கு சைகைப் பேச்சு முழுவதும் தெரியும், திரைச்சீலை போடுங்கள்.

வன்முறை நடக்கும் வீட்டில், துன்புறுத்துகிறவரே "இவளுக்காக நான் பேசுகிறேன்" என்று கூட வரலாம். அதனால் வரும் ஒவ்வொருவரிடமும் ஒருமுறையாவது குடும்பத்தினர் இல்லாமல் தனியாகப் பேசுவதை விதியாகவே வையுங்கள். எல்லோருக்கும் பொது விதி என்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

படி 8: அவசர காலம்

வெள்ள எச்சரிக்கை ஒலிபெருக்கியில் வந்தால் காது கேளாதவருக்குத் தெரியாது, திரையில் மட்டும் வந்தால் பார்வையற்றவருக்குத் தெரியாது. மையத்தின் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் எப்படிச் செய்தி போகும் என்று தனித்தனியாக எழுதி வையுங்கள்: குறுஞ்செய்தி, சைகைக் காணொளி, பக்கத்து வீட்டார் நேரில் போய்ச் சொல்வது என்று. மையத்திலும் மின்னும் விளக்குள்ள தீ எச்சரிக்கை வேண்டும், கழிப்பறைக்குள்ளும் ஒன்று. மின்சாரம் நின்றால் சுவாசக் கருவி யாருக்கெல்லாம் நிற்கும் என்ற பட்டியல் தனியாக இருக்கட்டும்.

படி 9: ஆட்களும் பணமும்

முதல் செலவு மொழிபெயர்ப்பாளர், இரண்டாவது பயணச் செலவு, மூன்றாவது உதிரிபாகம். இவற்றுக்கு நன்கொடையாளர் சுலபத்தில் கிடைக்க மாட்டார், ஏனென்றால் படம் எடுத்துப் போட இதில் ஒன்றும் இல்லை. பத்து நாற்காலி தர முன்வருகிறவரிடம், எட்டு நாற்காலியும் இரண்டு ஆண்டுக்கான பழுதுபார்ப்புச் செலவும் கேட்டுப் பாருங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள்.

படி 10: எதை எண்ணுவது?

"இந்த ஆண்டு இத்தனை பேர் பயனடைந்தனர்" என்ற எண்ணிக்கையால் மையத்துக்கு எதுவும் தெரியவராது. வேறு சிலவற்றை எண்ணுங்கள். தனியாக வந்தவர்கள் எத்தனை பேர்? போன காலாண்டில் துணையோடு வந்து இப்போது தனியாக வருகிறவர்கள் யார்? கொடுத்த கருவிகளில் ஆறு மாதம் கழித்தும் பயன்பாட்டில் இருப்பவை எத்தனை? மொழிபெயர்ப்பாளர் கேட்டும் கிடைக்காத நாட்கள் எத்தனை?

புகார் சொல்லும் வழி எழுத்தில் மட்டும் இருந்தால் எழுத்துக்குப் பழகாதவர்கள் புகாரே சொல்ல மாட்டார்கள். சைகையில் காணொளியாகவும், குரல் பதிவாகவும் அனுப்ப ஓர் எண் கொடுங்கள். அதைப் பார்ப்பவர் அன்றாட நிர்வாகத்தில் இல்லாதவராக இருக்க வேண்டும். ஒருமுறை மட்டும் வந்து பிறகு வராமலே போனவர்களின் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, காது கேளாத ஊழியர் ஒருவரை அனுப்பி ஏன் வரவில்லை என்று கேட்டு வரச் சொல்லுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் முதலில் பேச வேண்டியது அந்தப் பட்டியலைப் பற்றித்தான்.